ஒன்பதாம் துண்டில் ஒரு தவளைக்குஞ்சு

பெப்ரவரி 14, புதன்

காதலர் தினத்தைப் பாலச்சந்திரன் சேரோடு கொண்டாடினேன். அக்கரப்பத்தனைப் பக்கம், கரடிக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு. அளவுக் கம்பு பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல் என்று, ஹட்டனில் கணினிக்கு முன்னால் குந்தியிருக்க வேண்டிய என்னைச் சரிவில் ஏற்றிவிட்டார். எனக்கு நாற்பத்தொன்பது வயது. வயிற்றுக்குத் தனியாக ஒரு ஆறு வயது இருக்கும். நான் கம்பைப் பிடித்தேனா, கம்பு என்னைப் பிடித்ததா என்பது கருவிக்குள்ளால் பார்த்த சேருக்குத்தான் தெரியும்.

பதினெட்டுக் குடும்பத்துக்கு ஆளுக்கு ஏழு பேர்ச், ஒரு வீடும் சின்ன முற்றமும் பிடிக்கும் காணி. லயத்து வரிசை அறைகளை விட்டுத் தனி வீடு. சேர் அளப்பார், நான் வரைவேன், நுவரெலியாவில் மேலிடம் முத்திரை குத்தும், பிறகு தோட்டத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். நிலத்தில் பத்தொன்பது துண்டு வரும்போல் இருக்கிறது. ஒன்று உதவாமற்போனாலும் ஆட்களுக்குக் குறையாது.

நடுச்சரிவில் கம்பை ஊன்றினேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையோடு இறங்கி வந்தார். பேச்சியம்மா என்று பெயர். ஐம்பது தாண்டியிருக்கும்.

"அங்ஙன ஊனாதீங்கய்யா. ஆனி ஆடியில அது கெணறு."

மண் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்து. மழைக்காலத்தில் நீர் கிளம்புகிற இடங்கள் ஆறு என்றார். அங்கே நட்ட தேயிலை எல்லாம் வேர் அழுகிச் செத்ததாம், அதனால்தான் வெறும் புல்லாக விட்டிருக்கிறார்களாம். சேர் குனிந்து புல்லைப் பார்த்தார். "அவ சொல்லுறது சரி காணும். உந்தப் புல்லு ஈரத்திலதான் வரும். ஆறையும் அளப்பம்" என்றார்.

அளந்தோம். வீட்டுக்கு வந்து நாகலெட்சுமியிடம் கால் பிடித்துவிடச் சொன்னேன். என் மனைவி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். நாளைக்குப் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நில்லுங்க, முறை வரும்போது பிடித்துவிடுறேன் என்றாள்.

பெப்ரவரி 28, புதன்

படம் முடிந்தது. நடுச்சரிவு ஊற்று சரியாக ஒன்பதாம் துண்டின் வயிற்றில் விழுகிறது. மற்ற ஐந்தும் பாதையிலும் வாய்க்கால் ஓரத்திலும் போய்விட்டன. சேர் சொன்னபடி 'ஒன்பதில் வீடு கூடாது, ஒதுக்குக' என்று படத்தோரக் குறிவிளக்கப் பெட்டிக்குள் ஒரு வரி எழுதினேன்.

இனி என் வீரப்பிரதாபம். இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை, நானாவது எழுதவேண்டும்.

பத்து வருடத்துக்கு முன் சொந்தமாக ஒரு எழுத்துரு செய்தேன். பெயர் 'யோகி'. யோகேஸ்வரன் என்கிற என் பெயரின் பாதி, என் குணத்துக்கு முழு எதிர். அதில் எழுத்து இருக்கவேண்டிய இடங்களில் குறிகளை வைத்திருக்கிறேன். பேனா எந்தத் திசையில் எத்தனை அலகு நகரவேண்டும் என்று எண் எண்ணாக எழுதிச் செய்த வேலை. வீதக்குறியை, அந்த %-ஐ, இரண்டு தரம் தட்டி 130 என்றால் கோயில். 131 என்றால் தண்ணீர்ப் பீலி. 132 எல்லைக்கல். எழுத்தோடு எழுத்தாகக் குறி வந்து உட்காரும், எழுத்தோடு சேர்ந்து பெருக்கும், சிறுக்கும். ஹட்டனில் வேறு எந்தக் கொம்பனிடமும் இது இல்லை.

இந்தப் படத்துக்கென்று 139 செய்தேன்: மழைக்கால ஊற்று. ஒரு வட்டம், கீழே நெளிகிற மூன்று வால்.

140 பற்றியும் எழுதிவிடுகிறேன். 140, பாலச்சந்திரன் சேரின் மீசை. இரண்டு பக்கமும் சாயம் பூசி மேலே முறுக்கிய அந்த யாழ்ப்பாணத்து மீசையை இருபத்துமூன்று அசைவில் கொண்டுவந்திருக்கிறேன். 141, நாகலெட்சுமி அகப்பையை ஓங்கிய கை. சலிப்பான நாட்களில் படத்தின் மூலையில் 140 போட்டுப் பார்த்து, சிரித்து, அழித்துவிடுவேன். ஒருநாள் அழிக்க மறந்து அச்சிட்டுவிட்டு, தாளைச் சாப்பிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

எல்லை சரியா என்று ஆட்களுக்குக் காட்ட, படத்தின் பிரதியோடு கரடிக்கல்லுக்குப் போனேன். தலைவர் அழகுமுத்து கோயில் வாசலில் விரித்துவைத்தார். தொழிற்சங்கத் தலைவர், ஆனால் படத்தைத் தலைகீழாக வைத்துப் பத்து நிமிடம் விளக்கினார். யாரும் மறுக்கவில்லை. தலைவர் சொன்னால் கிழக்கும் மேற்காகும்.

பேச்சியம்மா மட்டும் குறிகளில் விரல் வைத்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஊற்றுக்குறியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதென்னங்க படக்காரய்யா, தவக்களக்குஞ்சு?"

நீங்கள் காட்டிய தண்ணீர்தான் என்றேன். ஒன்று, இரண்டு என்று ஆறையும் எண்ணினார். "ம். எல்லாக் குஞ்சும் இருக்கு" என்றார். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த மரியாதை என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

அவருடைய காம்பராவையும் பார்த்தேன். லயத்தின் தொங்கல், அதாவது கடைசி அறை. மலைப்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு கை உள்ளே போகிறது. இரண்டு சவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகள் தீபாவளிக்கு வந்தால் அந்தச் சுவர்ப்பக்கம் படுக்கவிடுவதில்லையாம். அம்மாதான் படுக்கிறாராம். இந்த மழைக்கு முன் காணி கிடைத்துவிடுமா என்று கேட்டார். கிடைத்துவிடும் என்றேன். நான் யார், முத்திரை குத்துகிறவனா?

மார்ச் 12, செவ்வாய்

நுவரெலியாவுக்கு மின்னஞ்சலில் படக்கோப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு வடை, ஒரு தேநீர்.

மார்ச் 20, புதன்

மேலிடத்தில் எங்கள் படங்களைப் பார்க்கிறவர் தில்ருக்ஷி மிஸ். நல்ல மனுஷி, சுறுசுறுப்பு, எல்லாம் நேராக இருக்கவேண்டும் அவருக்கு. காலையில் தொலைபேசியில் எடுத்தார். படத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் கேள்விக்குறியாக இருக்கிறதாம், இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

புரிந்துவிட்டது. யோகி என் கணினியில் மட்டும்தான் இருக்கிறான். கோப்போடு அவனையும் சேர்த்து அனுப்பாவிட்டால், அந்தப் பக்கத்துக் கணினி வேறு எழுத்துருவைப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரியாத குறிக்கெல்லாம் '?' போட்டுவிடும். கோப்போடு எழுத்துருவையும் வை என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். இருபத்தைந்து வருட அனுபவசாலிக்கு முதல் பாடமெல்லாம் எதற்கு?

அதைச் சொல்லவேண்டியதுதானே. நான் சொன்னது: "மிஸ், எங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே காணி கிடைக்குமா என்று படமே கேட்கிறது."

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லிச் சிரித்தது கேட்டது. எழுத்துருவை நாளைக்கு அனுப்பிவைக்கிறேன் என்றேன். மாத முடிவுக்குள் வேண்டும் என்றார். சிங்களத்தில் ஒரு பகிடி விட்டு வெற்றிபெற்ற சந்தோஷத்தில் மத்தியானம் இரண்டு கறி கூடச் சாப்பிட்டேன்.

மார்ச் 23, சனி

அனுப்பவில்லை. காரணம் மீசை.

யோகியை அனுப்பினால் 140-ம் 141-ம் கூடவே போகும். தில்ருக்ஷி மிஸ் சும்மா விடுகிறவர் அல்ல, புது எழுத்துரு வந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுகிறவர். சேர் வாரத்துக்கு ஒருதரம் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்.

மீசையை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்றால், எண்களாக எழுதிய மூலக்கோப்பு பழைய கணினியோடு பழைய இரும்புக்குப் போய்விட்டது. பெப்ரவரியில் 139-ஐக்கூட எப்படியோ சிரமப்பட்டு ஒட்டுத்தான் போட்டேன். 140-ஐக் கழற்ற முடியவில்லை. சாயம் பூசிய மீசை சாமானியமாகப் போகுமா?

ஏப்ரல் 2, செவ்வாய்

நாளைக்கு.

ஏப்ரல் 18, வியாழன்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து அலுவலகம் திறந்தது. பலகாரத்தோடு மிஸ்ஸுக்கு எடுத்துப் பேச நினைத்தேன். அவரும் எடுத்துக் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படி எடுத்தவைதான். கல்யாணமும் சேர்த்தி என்று நாகலெட்சுமி சொல்வாள்.

மே 2, வியாழன்

சேர் நுவரெலியா போய்க் கரடிக்கல் படத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். முத்திரையும் விழுந்தாயிற்று. கண்ணாடியைப் போகும்போதே பஸ்ஸில் விட்டுவிட்டாராம், அதுதான் அவருக்குக் கவலை.

எழுத்துரு இல்லாமலே வேலை முடிந்ததா? அவர்களே எப்படியோ சரிசெய்திருப்பார்கள். பார்த்தாயா, யோகேஸ், நீ அனுப்பாததால் ஒன்றும் குடிமுழுகவில்லை.

மே 19, ஞாயிறு

கரடிக்கல்லில் மாரியம்மன் திருவிழா. அதோடு சேர்த்துச் சீட்டுக் குலுக்கல். சேருக்கும் எனக்கும் மாலை போட்டார்கள். என் மாலையில் பூவைவிட நார் கூட.

முத்திரைபோட்ட படத்தைக் கோயில் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். மேலிடத்தின் சட்டகம், மேலிடத்தின் குறிவிளக்கம். எங்களுடைய குறிவிளக்கப் பெட்டியை வழக்கம்போல் வெட்டி எறிந்திருக்கிறார்கள், ஒதுக்குக என்கிற வரியும் அதோடு போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுந்துக்கூடைக்குள் சீட்டைப் போட்டுக் குலுக்கத் தொடங்கிவிட்டார்கள். பூசாரி அம்மன் காலடியில் கூடையை வைத்தார். ஒவ்வொருவராக வந்து, கும்பிட்டு, எடுத்தார்கள். எடுத்த எண்ணைத் தலைவர் சத்தமாக வாசித்தார்.

பேச்சியம்மா, ஒன்பது.

நான் படத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் துண்டு துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. கேள்விக்குறிகூட இல்லை. படம் முழுக்கத் தேடினேன். ஆறும் இல்லை. ஒதுக்கச் சொன்ன ஒன்பதை ஆளுக்குக் கொடுத்துவிட்டு, பாதையோரத்துச் சமதரைத் துண்டை, பத்தொன்பதை, 'பொது மண்டபம்' என்று எழுதியிருந்தார்கள்.

பேச்சியம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சுவரில் இருந்த படத்தை விரலால் தடவினார். என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"தவக்களக்குஞ்சு எங்கங்கய்யா?"

மே 20, திங்கள்

மிஸ்ஸின் இலக்கத்தை நான்கு தரம் தட்டி, நான்கு தரமும் மணியடிக்குமுன் வைத்தேன்.

மே 21, செவ்வாய்

மிஸ்ஸுக்கு எடுத்தேன். நடந்தது இதுதான்: நான் எழுத்துரு அனுப்பவில்லை. இரண்டு தரம் செய்தி போட்டாராம், நான் சிரிக்கும் முகம் போட்டு அனுப்பியிருக்கிறேன். (பார்த்தேன். உண்மை.) கேள்விக்குறி உள்ள படத்துக்கு முத்திரை இல்லை என்று அவருடைய பெரியவர் சொல்லிவிட்டார். மிஸ் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். கோயிலும் பீலியும் அவர்களுடைய பழைய படத்தில் இருந்ததால் திரும்பப் போட்டுவிட்டார். ஒன்றுமே இல்லாத புல்வெளியில் இருந்த ஆறையும் குப்பை என்று துடைத்துவிட்டார்.

அது தண்ணீர் என்றேன். நீங்கள் பகிடிதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

பகிடிதான் சொன்னேன். வேறென்ன சொன்னேன்? வாயத் தொறந்து தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னவாம். ஒத்த வார்த்த.

மே 30, வியாழன்

சேர் எங்கள் பழைய பிரதியைச் சுருட்டிக்கொண்டு மேலிடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். துடைத்தது அவர்கள் பிழை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். என் வாயில் கொழுக்கட்டை.

மேலிடத்துப் பதில்: முத்திரை விழுந்த படத்தை மாற்ற முடியாது, ரத்துத்தான் செய்யலாம். ரத்துச் செய்தால் சீட்டும் ரத்து. எல்லாம் முதலில் இருந்து. அதற்கும் பதினெட்டுப் பேருடைய கையெழுத்தோடு கடிதம் வேண்டும். பத்தொன்பதாம் துண்டைப் பேச்சியம்மாவுக்குக் கொடுக்கலாமே என்று சேர் கேட்டாராம். பொது மண்டபத்துக்கு ஒதுக்கிய காணியை ஆளுக்குக் கொடுக்க இன்னொரு குழு கூடவேண்டுமாம். அந்தக் குழு எப்போது கூடும் என்று கேட்டதற்கு, அதை முடிவுசெய்ய ஒரு குழு இருக்கிறதாம். இதை நான் எழுதியிருந்தால் பகிடி என்பார்கள்.

ஜூன் 2, ஞாயிறு

ரத்துக் கேட்கும் கடிதத்தோடு கரடிக்கல்லுக்குப் போனேன். கோயில் வாசலில் எல்லோரும் இருந்தார்கள். தலைவர் அழகுமுத்து கடிதத்தை வாசித்தார், இந்தமுறை நேராக. வாசித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கேட்டால் எல்லோரும் நல்லவர்கள். ஐயோ பாவம் பேச்சியம்மா என்றார்கள். தண்ணீர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்து என்ற சொல் வந்தாலே கை பின்னால் போய்விடுகிறது. இத்தனை காலம் காத்திருந்து கையில் கிடைத்த துண்டை எப்படி விடுவது? நான் அவர்கள் இடத்தில் இருந்தால் பேனாவையே ஒளித்துவைத்திருப்பேன். லயம் லயமாக நடந்தேன். பின்னேரம் வரை ஐந்து கையெழுத்து. அதில் ஒன்று, என்ன கடிதம் என்று கேட்காமலே வைத்தது.

ஆறாவதாகப் பேச்சியம்மாவிடமே போனேன். அவர் வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள் என்று ஒரு நப்பாசை. தேநீர் தந்தார். முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் எனக்குப் பலகை போட்டார்.

"மாரியம்மா முன்னுக்கு நின்னு எடுத்ததுங்கய்யா. அவ குடுத்தத வேணாம்னு மூஞ்சியில எறிஞ்சுட்டு, அடுத்த திருவிழாவுக்கு எப்புடி நான் கரகத்துக்கு முன்னுக்கு நிப்பேன்?"

அம்மன் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அது ஒரு பக்கம். பேப்பரு மேல போனா திரும்பி வராதுங்க. பதினேழு குடும்பம் என்னையப் பாத்துப் பாத்து ஏசும். தண்ணியோட இருந்துக்கலாம். ஏச்சோட இருக்க ஏலாது."

கடிதம் என் பையில் இருக்கிறது. ஐந்து கையெழுத்து.

ஜூன் 9, ஞாயிறு

அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சாமான் வீட்டுத் திட்டத்தில் இருந்து வரும், வேலை அவர்களுடைய கை. ஞாயிற்றுக்கிழமை பெரட்டும் தோட்ட வேலையும் இல்லை என்பதால் எல்லோரும் எல்லோருக்கும் வெட்டுகிறார்கள். ஒன்பதைத்தான் முதலில் வெட்டினார்கள். கையெழுத்து வைக்காத கைகள் மண்வெட்டியை அப்படி வீசின. நானும் இறங்கினேன். அரை மணியில் என்னை மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள், குழிக்குள் இடம் போதவில்லையாம்.

ஜூன் 23, ஞாயிறு

ஐந்து நாளாக மழை. ஹட்டனில் உடுப்பு காயவில்லை. நாகலெட்சுமி என் சட்டையையும் சாரத்தையும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறாள். நான் இரண்டு நாளாக முருங்கைக்காய்ச் சாம்பார் வாசனையோடு அலுவலகம் போகிறேன்.

கரடிக்கல்லுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுக்கப் பயம்.

ஜூலை 7, ஞாயிறு

போனேன்.

குழி நிறையத் தண்ணீர். மழைத் தண்ணீர் அல்ல, அது சேறாக இருக்கும். இது கண்ணாடி மாதிரி, அடியில் மணல் குமிழ் குமிழாகக் கிளம்பி ஆடுகிறது. போட்ட கருங்கல் வரிசை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மூன்று தரம் இறைத்து, மூன்று தரம் கல் போட்டார்களாம். இறைக்க இறைக்க வருகிறது. என் படத்தில் போட்ட அதே இடம். அளவு அவ்வளவு சுத்தம். சேர் அளந்தாரே, நான் வரைந்தேனே, அரை அடி பிசகில்லை. அதையாவது எங்கேயாவது சொல்லிப் பெருமைப்படவேண்டும்.

பக்கத்து எட்டிலும் பத்திலும் சுவர் இடுப்பளவு ஏறிவிட்டது. பேச்சியம்மா குடையில்லாமல், படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குழியோரம் நின்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். ஆடி போனால் வற்றிவிடும், அப்போது கட்டலாம் என்றார். அடுத்த ஆனிக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும் என்பதை அவர் முகம் சொன்னது.

கையாலாகாதவன் என்ற சொல்லை நான் பிறருக்குத்தான் பாவித்திருக்கிறேன். நான் சிரிக்கவைப்பேன், வரைவேன், ஊர்க்கதை சொல்வேன். ஒரு குழியை மூட எனக்குத் தெரியாது.

ஜூலை 16, செவ்வாய்

தில்ருக்ஷி மிஸ்ஸிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். சேர் போட்ட சத்தத்தின் பலன். மிஸ் அதைச் சொல்லவே எடுத்தார், திட்டவில்லை. அந்த எழுத்துருவை அனுப்பச் சொல்லி நான் உங்களிடம் கேட்டது உண்மைதானே, அதை மட்டும் எழுதட்டுமா என்று அனுமதி கேட்டார். என்னிடம் போய் அனுமதி.

மத்தியானம் சேரிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். பகிடி, சிரிக்கும் முகம், யோகி. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். கணினியைத் திருப்பி, வீதக்குறி இரண்டு, 140 என்று தட்டினேன்.

திரை நடுவில் மீசை.

சேர் புதுக் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். கை தானாக மீசைக்குப் போய், பாதியில் இறங்கிவிட்டது.

"வடிவாத்தான் கீறியிருக்கிறீர்" என்றார்.

ஏசியிருக்கலாம். அடித்திருந்தால் இன்னும் நல்லது. எழுந்து போய், "நானும் கண்ணாடியில்லாமல்தானே கையெழுத்து வைச்சனான்" என்று யன்னலுக்குச் சொன்னார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: பிழை எங்கள் அலுவலகத்துடையது, மிஸ்ஸுடையது அல்ல. நான் தட்டச்சுச் செய்தேன். மிஸ் தப்பிவிட்டார். ஒன்பதாம் துண்டு அங்கேயே இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். 141 பற்றியும் சொன்னேன். நாகலெட்சுமி அகப்பையைத் தேடவில்லை. "அந்தம்மாவுக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஆடி முடியப்போகிறது. வற்றவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பதினேழு வீட்டுக்கும் கூரை. மூன்று குடும்பம் குடிபோய்விட்டது. லயத்தில் வரிசையாகக் கதவு பூட்டிக்கிடக்கிறது. தொங்கல் காம்பராவில் மட்டும் புகை.

புது வீடுகளுக்குக் குழாய் இன்னும் வரவில்லை, பாதையோடு குழி வெட்டியதோடு நிற்கிறது. அதனால் என்ன நடந்திருக்கிறது என்றால், பேச்சியம்மா ஒன்பதாம் துண்டின் குழியைக் கல்லால் கட்டி, வாயில் ஒரு தகரத்தை மடித்துச் செருகி, பீலி ஆக்கிவிட்டார். சுற்றியுள்ள வீட்டுப் பெண்கள் எல்லாம் அங்கேதான் குடம் வைக்கிறார்கள். நான் போனபோது இரண்டு பேர் வரிசைக்குச் சண்டை. பேச்சியம்மா இடுப்பில் கை வைத்து அதட்டினார்.

"என் வூட்டுக்குள்ள வந்து சண்ட போடாதீங்கடி. அடுப்படிய மிதிக்காம அந்தப் பக்கமா நில்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்படி வரவேண்டிய இடத்தில் அவர் நான்கு கல் நட்டுவைத்திருந்தார். அவர்கள் உண்மையிலேயே அதை மிதிக்காமல் விலகித்தான் நின்றார்கள்.

ஒக்டோபர் 3, வியாழன்

மேலிடத்துக் கடிதம். கரடிக்கல்லில் இப்போது உள்ளது உள்ளபடி புதிதாக ஒரு படம் வேண்டுமாம். ஒன்பதாம் துண்டு குடியிருப்புக்கு உகந்ததல்ல, மக்கள் பாவனையில் உள்ளதால் 'பொது நீர்நிலை' என்று காட்டவும். பயனாளியின் பெயரை அந்தத் துண்டில் இருந்து நீக்கவும். அவர் அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படுவார்.

அடுத்த கட்டம் எப்போது என்று சேர் எடுத்துக் கேட்டார். அறிவிப்பார்களாம்.

நான்கு மாதமாக அந்த ஊற்றைப் படத்தில் ஏற்ற நாங்கள் பட்ட பாடு. இப்போது அவர்களே ஏற்றச் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

கடிதத்தைத் தலைவர் வாசித்துச் சொல்வார், நான் போகத் தேவையில்லை என்று சேர் சொன்னார். போனேன். ஹட்டனில் இருந்து அக்கரப்பத்தனை பஸ்ஸில் வழிநெடுக ஒரு பகிடி யோசித்தேன். எதுவும் வாய்க்கவில்லை.

தொங்கல் காம்பராவில், அதே பலகையில் உட்கார்ந்து, சொன்னேன். முட்டுக்கட்டை இப்போது மூன்று. பேச்சியம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தவக்களக்குஞ்சு படத்துல ஏறிருச்சு."

"ஏறிருச்சும்மா."

"எம் பேரு?"

நான் சுவரின் வெடிப்பைப் பார்த்தேன். அவர் சுளகை இரண்டு தட்டுத் தட்டினார். உமி பறந்தது.

"ரெண்டுக்கும் எடம் இல்லையாக்கும்" என்றார். பிறகு தேநீர் வைக்க எழுந்து போனார்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

கரடிக்கல் புதுப்படம் முடிந்தது. ஒன்பதில் 139 போட்டேன். குறிவிளக்கத்தை நம்பாமல் பக்கத்திலேயே மூன்று மொழியிலும் முழுச் சொல்லாக எழுதினேன். பெயர் வரும் பெட்டியில் சிறு கோடு.

கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினேன். மீசை, அகப்பை எல்லாவற்றோடும். சேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குத் தில்ருக்ஷி மிஸ் எடுத்தார். எல்லாம் சரியாக வந்திருக்கிறதாம். ஒரு கேள்விக்குறிகூட இல்லையாம்.

நன்றி மிஸ் என்றேன். அவர் தொலைபேசியை வைக்காமல் இருந்தார், நான் ஏதாவது பகிடி விடுவேன் என்று. நான்தான் முதலில் வைத்தேன்.